சோலைவரி சேர் மெச்சிய வீடுகள்

வீட்டுக்கு வரி போட யாராவது வந்தால், "ஆம்புளையள் ஊட்ல இல்ல, புறகு வாங்க" என்று திரைக்குப் பின்னால் இருந்து ஒரு பெண்குரல் சொல்ல வேண்டும். ஒழுங்கை என்கிற எங்கள் சின்னத் தெருவில் இது எல்லா வீட்டுக்கும் பொதுவான ஏற்பாடு. ஆம்பிளை அந்த நேரம் பின்வளவில், தென்னைமரத்து மறைவில் மூச்சுவிடாமல் நின்றுகொண்டிருப்பார். கரண்ட் பில்காரன், தவணைக் கடைக்காரன், சந்தா கேட்டு வருகிறவர்கள் எல்லாரையும் இந்த ஒற்றை வசனத்தாலேயே விரட்டிய ஒழுங்கை எங்களுடையது. அது பலிக்காமல் போனது ஒரே ஒரு மனிதரிடம்தான். அவர் எங்கள் நகர சபையின் வருமானப் பரிசோதகர். வீட்டுக்கும் வளவுக்கும் சபை வாங்குகிற வரியை நாங்கள் சோலைவரி என்போம். அதனால் அவர் சோலைவரி சேர். சொந்தப் பெயரை யாரும் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

திரைக்குப் பின்னால் இருந்து அந்த வசனம் வந்ததும் சேர் திரும்பிப் போக மாட்டார். கேட்டடியிலேயே நின்றுகொண்டு, "ஆம்புளையள் என்னத்துக்கு மகள்? நான் இந்தக் கேட்டப் பாத்துக்கிட்டு நிக்கிறன். ஆரு அடிச்ச கேட் இது? இந்தப் பூவேலைல இருந்து கண்ண எடுக்க ஏலாம இரிக்கே!" என்பார். இரண்டு நிமிடம் தாங்காது. பின்வளவில் ஒளிந்திருந்த மனிதர் சாரத்தை இழுத்துக் கட்டிக்கொண்டு தானாகவே முன்னால் வந்து, "இது மருதமுனைப் பொடியன் ஒருத்தன்ட வேல சேர், கல்முனையில இப்படிக் கிடைக்காது" என்று ஆரம்பித்துவிடுவார். அதன்பிறகு அந்த வீட்டில் மறைக்க என்ன இருக்கிறது?

கெட்டிக்காரன், நடிக்கிறான் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். நான் கொஞ்சம் சந்தேகப் பிராணி, வாய்க்கொழுப்பும் உண்டு. நகர சபைக்கு எதிரே போட்டோக்கொப்பிக் கடை வைத்திருந்ததால், சபைக்குள் போகிறவனின் பொய்யையும் வெளியே வருகிறவனின் கோபத்தையும் தினமும் பார்த்துப் பழகியவன் வேறு. ஆனால் என் கலியாணம் முடிந்து இரண்டாவது மாதம் சேர் எங்கள் வீட்டுக்கு வந்த அன்றைக்கு என் கெட்டித்தனமெல்லாம் காற்றில் போய்விட்டது.

என் மாமா, அதாவது மனைவியின் வாப்பா, கொழும்புக்கு லொறியில் மீன் அனுப்பும் வியாபாரி. அவருக்கு நாலும் பெண் பிள்ளைகள். எங்கள் பக்கத்தில் கலியாணம் என்றால் பெண்ணுக்கு வீடு கொடுக்க வேண்டும். மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் வந்து குடியிருப்பான். நானும் ஒரு சூட்கேசோடு வந்து சேர்ந்தவன்தான். வளவைத் துண்டு துண்டாகப் பிரித்து, மகளுக்கு ஒரு வீடாக நாலு வீடு கட்டி முடிப்பதிலேயே மாமாவின் முப்பது வருடமும் போயிருந்தது. மூத்தவளான என் மனைவியின் வீட்டில் மட்டும் மேல்மாடி உண்டு.

அந்த மேல்மாடியை மறைக்க மாமா ஒரு திட்டம் போட்டார். வெளிப்பக்கத்தைத் தென்னைமரங்கள் மறைத்துக்கொள்ளும், உள்ளே படிக்கட்டு ஏறும் வாசலுக்குக் குறுக்கே ஒரு பெரிய அலுமாரி. அதை நகர்த்தி வைக்க நானும் இரண்டு கூலிக்காரரும் காலையில் இருந்து பட்ட பாடு அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம். சேர் வந்தார், டேப்பால் அளந்தார், எழுதினார். அலுமாரிப் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. மாமா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். போகும்போது சேர் கூடத்தில் நின்று தரையைப் பார்த்தார்.

"மாஷா அல்லாஹ்! இந்தத் தரையப் பாருங்களன். ஒரு இடத்தில ஏத்தம் இறக்கம் இல்ல. இதில ஒரு புள்ள தவழ்ந்தா முட்டி நோகாது" என்றார்.

குசினி வாசலில் நின்ற மாமிக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. "இது என்ன சேர், மேல ஏறிப் பாருங்க! அங்க மாபிள் போட்டிரிக்கி. பல்கனில நிண்டா கடல் தெரியும்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "மருகன், அந்த அலுமாரிய ஒருக்காத் தள்ளி உடுங்க" என்றார்.

தள்ளினேன். மாமா தலையில் கையை வைத்துக்கொண்டு கதிரையில் உட்கார்ந்துவிட்டார். சேர் மேலே போய் முக்கால் மணித்தியாலம் நின்றார். இறங்கி வந்தபோது அவர் முகம் மலர்ந்திருந்தது. அந்த வருடம் வந்த வரித் துண்டைப் பார்த்து மாமா மாமியோடு இரண்டு நாள் கதைக்கவில்லை. ஆனால் மூன்றாம் நாள் கடைத்தெருவில் யாரிடமோ, "சோலைவரி சேரே செல்லிட்டார், எங்கட தரையப் போல இந்த ஊருக்குள்ளயே இல்லையாம்" என்று சொல்லிக்கொண்டிருந்ததை நான் இந்தக் காதால் கேட்டேன்.

வீடுகளைக் கணக்கெடுக்க அவரிடம் ஒரு தனி முறை இருந்தது. ஒரு வளவுக்குள் எத்தனை குடித்தனம் என்று கேட்டால் எல்லாரும் "ஒண்டுதான் சேர், ஒண்டாத்தான் சமைக்கிற" என்பார்கள். சேர் அதைக் கேட்கவே மாட்டார். "ஒங்களுக்குப் பொம்புளப் புள்ள எத்தின?" என்று மட்டும் கேட்பார். "ஊடு எத்தின எண்டு கேட்டாப் பொய் செல்லுவாங்க. மகள் எத்தின எண்டு கேட்டா இந்த ஊர்ல ஒருத்தரும் பொய் செல்ல மாட்டாங்க" என்று என் கடையில் பிளேன்டீ குடித்துக்கொண்டே ஒருநாள் சொன்னார். மூன்று என்றால் மூன்று வீட்டைத் தேடுவார். மூன்றும் இருக்கும்.

நடிப்பா இல்லையா என்று சோதித்துப் பார்க்க என் கடையின் பெயர்ப் பலகையைக் காட்டினேன். காசை மிச்சம்பிடிக்க நானே வண்ணம் அடித்த பலகை அது. எழுத்து ஒன்று மேலே, ஒன்று கீழே. மனைவியே அதைப் பார்த்துச் சிரிப்பாள். சேர் வீதிக்கு அந்தப் பக்கம் போய் நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு வந்தார். "நேரா எழுதின பலகை நூறு இரிக்கி தம்பி, ஒண்டும் மனசில நிக்காது. இத ஒருக்காப் பாத்தவன் மறக்க மாட்டான்" என்றார். அட, உண்மைதான்! அந்தப் பலகையை நான் இன்னும் மாற்றவில்லை.

அவர் மனைவி இறக்காமத்துக்காரி. குடும்பம் அங்கே வயற்காணியோடு இருந்தது. இவர் வாரக் கடைசியில் பஸ்ஸில் போய் வருவார். ஒருமுறை ஏதோ பத்திரம் பிரதி எடுக்க அந்த அம்மா கடைக்கு வந்தபோது, வீட்டிலும் சேர் இப்படித்தானா என்று கேட்டேன். "அதயேன் கேக்கிறீங்க தம்பி! உப்பில்லாத கறிக்கும் மாஷா அல்லாஹ், கரிஞ்ச சோத்துக்கும் மாஷா அல்லாஹ். கலியாணம் முடிச்சி இருவத்தாறு வருசம், எனக்கு இன்னும் ஒழுங்காச் சமைக்க வராததுக்கு இந்த மனிசன்தான் காரணம்" என்றார். போன போகத்தில் யானை வந்து வீட்டு மதிலை உடைத்த அன்றைக்கும், "ஒரு கல்லும் சிதறல்ல, என்ன பதமாத் தள்ளியிரிக்கி பாருங்க" என்று யானையைப் புகழ்ந்தாராம்.

இப்படிப்பட்டவர் ஒரு வீட்டின் முன்னால் மட்டும் வாய் திறக்காமல் நின்றார். அது மாமாவின் கடைசி மகளின் வீடு.

ஒழுங்கையின் அடியில், பள்ளத்தில் இருந்தது அந்த வீடு. கடலுக்குப் போகிற ஓடையை எங்கள் ஊரில் தோணா என்பார்கள். மழைத் தண்ணீர் தோணாவுக்குப் போய்ச்சேர ஒழுங்கையில் வடிகான் இல்லை. மாரி பிடித்தால் முழு ஒழுங்கையின் தண்ணீரும் அந்தக் கடைசி வீட்டு வாசலில் வந்து குந்திக்கொள்ளும். சபை புது மதிப்பீடு தொடங்கிய வருடம்தான் கடைசி மைத்துனிக்கு நல்ல இடத்தில் பேச்சு வந்திருந்தது. வீடு பார்க்க வந்த மாப்பிள்ளையின் உம்மா, முழங்கால் தண்ணீரைக் கண்டு அபாயாவின் ஓரத்தை உயர்த்திப் பிடித்தபடி கேட்டடியிலேயே நின்றுவிட்டார். "மழ விட்டுப் புறகு கதைப்பம்" என்று சொல்லிவிட்டுப் போனவர்கள்தான். மழை விட்டது, ஆனால் சேதி வரவில்லை. மைத்துனி அதற்குப் பிறகு அந்த வீட்டுப் பக்கமே போகவில்லை. மாமா நாலு கிழமையில் நாலு வயது கூடிப்போனார்.

புது மதிப்பீட்டுக்காகச் சேர் வந்தபோதும் தண்ணீர் வற்றியிருக்கவில்லை. காற்சட்டையை மடித்துக்கொண்டு இறங்கினார். நிலைப்படியைத் தாண்டித் தண்ணீர் நின்றதைப் பார்த்தார். மாமா அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு வார்த்தை, ஏதாவது ஒரு ஜன்னலைப் பற்றியாவது சொல்ல மாட்டாரா என்று. சேர் பைலை மூடிக்கொண்டு, "வாறன் ஹாஜியார்" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார். மாமா அன்று சோறு தின்னவில்லை.

கொஞ்ச நாளில் புது வரித் துண்டுகள் வந்தன. ஒழுங்கையே கொதித்தது. ஆட்சேபனைக் கடிதம் எழுத எல்லாரும் என் கடைக்குத்தான் வந்தார்கள். இருபத்திரண்டு வீடு! ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக யார் எழுதுவது? ஒரு கடிதத்தைத் தட்டினேன்: சுவர் வெடித்த பழைய வீடு, கூரை ஒழுகுகிறது, குசினி இடிந்து விழுந்துவிட்டது, வரியைக் குறைக்கவும். பெயரையும் இலக்கத்தையும் மட்டும் மாற்றி இருபத்திரண்டும் அச்சடித்தேன். அதே வாரம் சபையின் பட்ஜெட் நகலும் பிரதி எடுக்க என்னிடம்தான் வந்தது. செலவுப் பக்கத்தில் எங்கள் ஒழுங்கை வடிகான் இருந்ததைக் கண்டு துள்ளிக்கொண்டு மாமாவிடம் ஓடினேன். வரவுப் பக்கத்தை, அறிவாளி நான், புரட்டியும் பார்க்கவில்லை.

பட்ஜெட் கூட்டத்துக்கு ஒழுங்கையே திரண்டு போனது. பார்வையாளர் பக்கத்தில் இடமில்லாமல் நின்றோம். எங்கள் வட்டாரத்து உறுப்பினர் எழும்பி, புது மதிப்பீட்டை ரத்துச் செய்யாவிட்டால் பட்ஜெட்டுக்கு எதிராகக் கை உயர்த்துவேன் என்றார். நாங்கள் கைதட்டினோம். சபைத் தலைவரான தவிசாளர் ஆறுதலாகக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"ரத்துச் செய்யலாம். அந்த வரிக் காசிலதான் அந்த ஒழுங்கைக்குப் பட்ஜெட்ல வடிகான் போட்டிரிக்கி. அப்ப வடிகானையும் எடுத்துடுறன். சம்மதமா?"

கைதட்டல் நின்றுபோனது. பக்கத்தில் நின்ற மாமாவின் முகம் வெளிறியதை நான் பார்த்தேன். அந்த வடிகானில்தான் அவருடைய கடைசி மகளின் வாழ்க்கை இருந்தது. அதை அழிக்கிற கடிதத்தை அடித்துக் கொடுத்தவன் நான், கையெழுத்து வைத்தவர் அவர்.

தவிசாளர் கடிதக் கட்டைத் தூக்கிக் காட்டினார். "ஒரே ஒழுங்கையில இருவத்திரண்டு குசினி இடிஞ்சி உழுந்திரிக்கி. இது உண்மையா எண்டு வருமானப் பரிசோதகர் செல்லட்டும்."

எனக்கு அந்த இடத்திலேயே நிலத்துக்குள் போய்விடலாம் போலிருந்தது. சேர் எழும்பினார். ஒரு கடிதத்தை வாங்கி வாசித்தார். அந்த மனிதருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

"ஆரு எழுதின இது? எந்தக் குசினி இடிஞ்ச? பதினாலாம் இலக்கத்துக் குசினிய நான் பாத்தன் தவிசாளர் அவர்களே. வெளிச்சம் விழுற மாதிரி அப்படி ஒரு ஜன்னல் வெச்சிரிக்காங்க, அதில நிண்டு சமைக்கிற பொம்புளைக்குக் கண்ணு நோகாது. பதினாறாம் இலக்கத்துக் கூரை ஒழுகுதா? அந்த ஓட்ட ஒவ்வொண்டாத் தட்டிப் பாத்து வாங்கினவர் அவர்! கஷ்டப்பட்டுக் கட்டின ஊட்ட இப்படிக் கேவலப்படுத்தி எழுத எப்படி மனசு வந்த?"

பைலைத் திறக்கவே இல்லை. வீடு வீடாகச் சொல்லிக்கொண்டே போனார். ஒவ்வொரு வீட்டுக்காரரும் தன் முறை வந்ததும் நிமிர்ந்து நின்றார். எங்கள் வீட்டுக்கு வந்தார். "மூத்த மகள்ட ஊடு. முன்கதவு வேம்பு, ஆனா இழைச்ச விதம்..."

"வேம்பில்ல, முதிரை!"

சத்தம் போட்டது மாமா. மண்டபம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. வீடு இடிந்துபோனது என்று கையெழுத்து வைத்த மனிதர், வேம்பை விட விலை கூடின மரம் என்று தன் வாயாலேயே வரியைக் கூட்டிக்கொண்டு நின்றார். பிறகு பார், ஆளுக்காள் தொடங்கிவிட்டார்கள். "எங்கட மாபிள் கொழும்பில இருந்து வந்த சேர்!" "எங்கட கிணத்துக் கட்டையும் செல்லுங்க!" தவிசாளர் மேசையில் தட்டித் தட்டிக் களைத்துப்போனார். உறுப்பினர்கள் கட்சி வித்தியாசம் இல்லாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

எங்கள் உறுப்பினருக்கு அவமானம். "அப்ப அந்த வளவில நாலாவது ஊட்டுக்கு ஏன் வரி போடல்ல? தெரிஞ்ச ஆளா?" என்று மடக்கினார்.

சேர் கையில் இருந்த கடிதத்தை மேசையில் வைத்தார். "அது நல்ல ஊடு. கட்டின கையில குறையில்ல. ஆனா நான் போன நாள் உள்ளுக்குத் தண்ணி நிண்டிச்சி. ஒரு புள்ள குடியிரிக்க ஏலாத இடத்துக்கு என்னெண்டு வரி கேக்கிற? தண்ணி போக வழி செஞ்சாத்தான் அது ஊடு. அதுக்குப் புறகு வரி போடுறன்."

"போடுங்க சேர்!" மாமாவின் குரல் உடைந்துபோயிருந்தது. "என்ட கடைசி மகள்ட ஊட்டுக்கும் வரி போடுங்க. எவ்வளவெண்டாலும் போடுங்க, நான் கட்டுறன். அந்த வடிகான மட்டும் எடுத்துடாதீங்க."

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. முதலில் கை உயர்த்தியது எங்கள் வட்டாரத்து உறுப்பினர்தான். பட்ஜெட் ஏகமனதாக நிறைவேறியது. இருபத்திரண்டு கடிதங்களையும் நான் திருப்பி வாங்கிக்கொண்டேன். பின்பக்கம் வெள்ளையாக இருந்ததால் கடையில் பில் எழுத உதவியது.

அடுத்த மாரிக்கு முன்னால் வடிகான் கட்டி முடிந்தது. அதற்குள் சேர் பென்ஷன் எடுத்துக்கொண்டு இறக்காமத்துக்குப் போய்விட்டார். புதிதாக வந்த உத்தியோகத்தர் ஐந்து நிமிடத்தில் நாலாவது வீட்டை அளந்து, குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டு போனார். வரி குறைவாகத்தான் வந்தது. மாமாவுக்கு அதில் சந்தோஷமே இல்லை. "அவன் ஊட்டப் பாக்கவே இல்ல மருகன்" என்று ஒரு கிழமை புலம்பினார்.

மாப்பிள்ளை வீட்டில் இருந்தும் சேதி வந்தது. மாப்பிள்ளையின் உம்மா விவரமான பொம்பிளை. "மழைக்குள்ளதான் வருவன்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். மழை பிடித்துக்கொட்டிய ஒரு காலையில், இன்றைக்கு வருகிறோம் என்று தகவல் வந்ததும் மாமா என் மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்து நீட்டினார். "இறக்காமத்துக்குப் போய்ச் சேரக் கூட்டிக்கிட்டு வாங்க. அவர் ஒரு வார்த்தை செல்லட்டும். எனக்குத் தைரியமில்ல."

மழைக்கோட்டோடு என் பின்னால் தொற்றிக்கொண்டு சேர் வந்தார். வந்ததும் வீட்டுக்குள் போகவில்லை. ஒழுங்கையில் நின்று, வடிகானில் தண்ணீர் தோணாவைப் பார்த்து ஓடுவதைக் குனிந்து பார்த்தார். "மாஷா அல்லாஹ், என்ன ஓட்டம் பாருங்க!" என்றார். பிறகு உள்ளே போனார். கால் வைத்த இடமெல்லாம் காய்ந்திருந்தது. மாமா அவருக்குப் பின்னாலேயே அறை அறையாக நடந்தார்.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கிவிட்டார்கள். எங்களுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சேர் தயங்கவே இல்லை. "வாங்க, வாங்க, இப்படி வாங்க" என்று மாப்பிள்ளையின் உம்மாவை முன்னால் விட்டு, ஜன்னல், அடுப்படி, அலுமாரிக்கு விட்ட சுவர் மாடம், காற்று வரும் திசை என்று எல்லாவற்றையும் அவரே காட்டினார். அந்த அம்மா முதலில் முகத்தை இறுக்கிக்கொண்டுதான் வந்தார். குசினிக்கு வரும்போது அவரே, "இந்த இடத்தில பாத்திரத் தட்டு ஒண்டு அடிச்சாத் தோதாயிரிக்கும்" என்று சொன்னார். மாமி திரைக்குப் பின்னால் நின்று என் மனைவியின் கையைக் கிள்ளினார்.

கடைசியில் கூடத்தில் உட்கார்ந்து, "அப்ப நாளொண்டு பாருங்க" என்றார் அந்த அம்மா. அல்ஹம்துலில்லாஹ்! உள் அறையில் மைத்துனி அழுகிற சத்தம் கேட்டது. தேநீரைக் கையில் எடுத்த பிறகுதான் அந்த அம்மாவுக்குச் சேரின் ஞாபகம் வந்தது.

"எல்லாத்தயும் இவ்வளவு ஆசையாக் காட்டினீங்க. நீங்க பொண்ணுக்கு என்ன முறை?"

எந்த வீட்டிலும் சொல்லுக்குத் தட்டுப்பாடு வராத மனிதர் வாயைத் திறந்து, மூடி, எங்களைப் பார்த்தார். வரி போட வந்தவன் என்று எப்படிச் சொல்வது? இப்போது அந்த உத்தியோகமும் இல்லையே.

"பெரியவாப்பா" என்றார் மாமா. "எனக்கு மூத்தவர்."

சேர் அதை மறுக்கவில்லை. முகத்தைச் சட்டென்று சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். சுண்ணாம்பு மட்டும் அடித்த வெறும் சுவர் அது. மெச்சுவதற்கு அதில் ஒன்றுமே இருக்கவில்லை.